அஞ்சுதெங்கு: இருபது ரூபாய்க் கணக்கு

ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற கும்பினி அதிகாரி 1770களின் தொடக்கத்தில் அஞ்சுதெங்குக் கோட்டையில் வேலை பார்த்தார். மழை ஓய்ந்த ஒரு பருவத்தில், எட்டு ஒன்பது வயதுள்ள ஒரு பையனையும் ஒரு சிறுமியையும் அங்கே விலைக்கு வாங்கினார். பம்பாயிலிருந்த ஒரு சீமாட்டிக்கு அனுப்பும் அன்பளிப்பு அது. கடல்வழிக்கு இரண்டு மாத அரிசி, கருவாடு, ஆளுக்கு நான்கு மாற்றுத்துணி, பிள்ளைகளின் விலை எல்லாம் சேர்த்து இருபது ரூபாய் ஆயிற்று. இங்கிலாந்தில் இரண்டு பன்றிக்குக் கொடுக்கும் காசைவிடக் குறைவு என்று அவரே கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார். 1813இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய 'ஓரியண்டல் மெமாயர்ஸ்' நூலில் இது இருக்கிறது.

அஞ்சுதெங்குக் கோட்டையைப் பற்றிய மதிப்பீடு எதுவானாலும் இந்தக் கணக்கை எதிர்கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. கோட்டையைப் பற்றி நான் படித்தவையும் கேட்டவையும் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

பாறசாலையிலிருந்து அஞ்சுதெங்கு அதிகத் தொலைவில் இல்லை. திருவனந்தபுரம் போய், கொல்லம் மார்க்கத்து வண்டியில் ஏறிக் கடைக்காவூரில் இறங்கினால் மிச்சம் ஆட்டோத் தூரம். ஒருபுறம் காயல், மறுபுறம் கடல், நடுவே ஒடுங்கிய மணல்திட்டு, அதன்மேல் ஊர். எங்கள் எல்லைப்புறத்தாருக்கு இந்த ஊரோடு வேறொரு வகையிலும் உறவுண்டு. 1956இல் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அஞ்சுதெங்கோ திருவிதாங்கூருக்குள்ளே பிரிட்டிஷ் மண்ணாகத் தீவுபோல் கிடந்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சிலகாலம் திருநெல்வேலிச் சீமையோடு சேர்த்து ஆளப்பட்டது. கோடு எங்கே விழுகிறதோ அதை ஒட்டித்தான் எந்தக் கதை சொல்லப்படும், எது விடுபடும் என்பதும் முடிவாகிறது. களியக்காவிளைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கு அது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. அந்தக் கண்ணோடுதான் கோட்டைக்குள் போனேன்.

முதலில் கட்டடம். ஆற்றிங்கல் ராணி 1684இல் ஆங்கிலேயருக்கு இங்கே இடம் கொடுத்தார். 1695 அளவில் கோட்டை எழுந்தது. சதுரம், நான்கு மூலைக்கும் ஒவ்வொரு கொத்தளம், வெட்டுக்கல் சுவர். அளவில் சிறியது, தங்கசேரியின் சிதைந்த உயரமோ உதயகிரியின் பரப்போ இதற்கில்லை. ஆனால் உருவம் சிதையாமல் நிற்கிறது. கொத்தளத்தின்மேல் ஏறி நின்றால் இதைக் கட்டியவர்களின் நோக்கம் ஒரே பார்வையில் விளங்கும்: கடலிலிருந்து வருவதையும் காயலிலிருந்து வருவதையும் ஒரே இடத்திலிருந்து எண்ணலாம். சரக்கை எண்ணுவதற்குக் கட்டிய கட்டடம் இது. அந்தச் செயல்தெளிவுதான் இதன் அழகு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கல்லைக் காப்பாற்றும் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. உள்ளே வெறுமை. பண்டகசாலை இல்லை, குடியிருப்பு இல்லை, கூரை இல்லை. இந்த வெறுமையைக் குறையென்று சொல்லமாட்டேன். இடிந்ததை மறுபடி கட்டிக் காட்டும் ஆசைக்கு இடம் கொடுக்காதது நல்ல முடிவு. கேள்வி, இந்த வெறுமையை எந்தச் சொல்லால் நிரப்பியிருக்கிறோம் என்பது.

வழக்கமாக மூன்று கதைகள் இங்கே சொல்லப்படுகின்றன. மிளகின் கதை ஒன்று. 1721இன் கலகம் இரண்டாவது. எலிசாவின் காதல் மூன்றாவது. மூன்றும் உண்மை, மூன்றுக்கும் தனித்தனி மதிப்புண்டு.

மிளகைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மிளகும் கயிறும் துணியும் இந்த வழியாகப் போயின என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கதையின் குறை, சரக்குப் பட்டியலை அது பாதியில் நிறுத்திவிடுகிறது என்பதே.

1721ஆம் ஆண்டுக் கதை இன்னும் வலுவானது. ஏப்ரல் மாதம், கோட்டைத் தலைவர் கைஃபோர்டு ஏறத்தாழ 140 பேரோடு ஆற்றிங்கல் ராணிக்குக் காணிக்கை கொண்டு போனார். போனவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கொல்லப்பட்டார்கள். கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது; தலச்சேரியிலிருந்து உதவிப்படை வந்த பிறகுதான் மீண்டது. பிளாசிக்கு 36 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி என்பதால் மலையாள வரலாற்றெழுத்து இதைப் பெருமையோடு முன்வைக்கிறது. அந்தப் பெருமை நியாயமானது. விலையில் ஏமாற்றும் கைஃபோர்டின் கைவரிசைக்கு எதிரான கோபமும், உள்ளூர்த் தலைவர்களின் அரசியலும், மதத்தைப் பழித்ததால் பிறந்த கொதிப்பும் அதில் சேர்ந்திருந்தன. ஆனால் இந்தக் கதையைச் சொல்லும் முறையில் ஒரு பிழை இருக்கிறது. கோட்டைக்கு உள்ளே அயலார், வெளியே நம்மவர் என்று இரண்டே தரப்பாக அது உலகத்தைப் பிரித்துவிடுகிறது. ஃபோர்ப்ஸ் வாங்கிய பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? உள்நாட்டிலிருந்து. அவர்களைக் கோட்டை வாசல்வரை கொண்டுவந்து விற்ற கை எந்தக் கை? வெள்ளைக் கை அல்ல. இரண்டு தரப்புக் கதைக்குள் இந்தக் கேள்விக்கு இடமே கிடைப்பதில்லை. கலகத்தைப் பற்றி எழுதியவர்களின் ஆய்வுத்திறத்தை நான் ஐயுறவில்லை. அவர்கள் தேர்ந்த சட்டகம் இந்தப் பிள்ளைகளைக் கொள்ளாத அளவுக்குச் சிறியது என்கிறேன்.

மூன்றாவது கதைதான் இலக்கிய வாசகர்களுக்குப் பிடித்தது. அதனாலேயே அதை நுணுகிப் பார்க்க வேண்டும். எலிசபெத் ஸ்கிளேட்டர் 1744இல் அஞ்சுதெங்கில் பிறந்தார். டேனியல் டிரேப்பர் என்ற கும்பினி அதிகாரியை மணந்து எலிசா டிரேப்பர் ஆனார். 1767இல் லண்டனில் நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்ன் அவர்மேல் மயங்கி, எலிசா கப்பலேறிய பின் அவருக்காக ஒரு நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு எழுத்தாளர் ரெய்னால், இரு இந்தியாக்களின் வரலாறு என்ற தமது பெருநூலில் எலிசாவுக்கு ஓர் இரங்கலுரை சேர்த்து, அஞ்சுதெங்கு மண்ணையே விளித்துப் பேசினார். உலக இலக்கியத்தில் இந்தக் கடற்கரைக் கிராமத்துக்குக் கிடைத்த இடம் இது. வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்மும் 1728இல் இங்கேதான் பிறந்தார். இத்தனை சிறிய ஊருக்கு இது பெரிய பேறு.

இந்தக் கதையை வழக்கம்போல் சொல்பவர்கள் இன்னொரு பெயரை விட்டுவிடுகிறார்கள்: இக்னேஷியஸ் சாஞ்சோ. அடிமையாக இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, பின் சுதந்திர மனிதராக லண்டனில் வாழ்ந்த கறுப்பின எழுத்தாளர். 1766இல் அவர் ஸ்டெர்னுக்குக் கடிதம் எழுதினார். மேற்கிந்தியத் தீவுகளில் நடக்கும் அடிமைக் கொடுமையைப் பற்றி எழுதும்படி வேண்டிக்கொண்டார். ஸ்டெர்ன் உருகிப் பதில் எழுதினார். அடுத்து வந்த தம் நாவல் தொகுதியில் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றிய இரக்கமான பகுதியையும் சேர்த்தார். இது நடந்து ஓர் ஆண்டுக்குள் எலிசாவைச் சந்திக்கிறார். ரெய்னாலின் நூலோ அட்லாண்டிக் அடிமை வணிகத்தைக் கண்டித்து 18ஆம் நூற்றாண்டில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்ட நூல்களில் ஒன்று. 1781இல் பாரிசில் அதை எரிக்க ஆணை பிறந்தது. எலிசாவைப் பாடிய இரண்டு பேனாக்களும் அடிமை வணிகத்தை எதிர்த்த பேனாக்கள். அதே பத்தாண்டுக்குள் எலிசா பிறந்த கோட்டையில் இரண்டு பிள்ளைகள் இருபது ரூபாய்க்கு விலைபோகிறார்கள். மேற்கே ஆப்பிரிக்கக் கரையைப் பார்த்த கண், கிழக்கே மலபார்க் கரையை அதே கூர்மையோடு பார்க்கவில்லை. ஸ்டெர்னின் இரக்கம் பொய்யில்லை. அதற்கு ஒரு தூர எல்லை இருந்தது. எலிசாவைப் பற்றிய நம் கட்டுரைகளும் அந்த எல்லையை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கின்றன. காதலைச் சொல்லிக் கோட்டையைச் சொல்லாத எழுத்து, ஸ்டெர்னின் வாசகராக நின்றுவிடுகிறதே ஒழிய அவரை மதிப்பிடுவதாக ஆகவில்லை.

எலிசா 1778இல் பிரிஸ்டலில் இறந்தார். அங்குள்ள கதீட்ரலில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு. பிரிஸ்டல் என்பது இங்கிலாந்தின் பெரிய அடிமைக் கப்பல் துறைமுகங்களில் ஒன்று. அந்த நகரம் தன் அடிமை வணிகரான கோல்ஸ்டனின் சிலையை 2020 ஜூனில் கூட்டமாகச் சேர்ந்து கவிழ்த்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது. எலிசாவின் வாழ்க்கையைப் பிறப்பிடத்திலிருந்து கல்லறைவரை நேர்கோடாக இழுத்தால் இந்தியப் பெருங்கடலும் அட்லாண்டிக்கும் ஒரே கணக்கேட்டில் வந்து சேரும். இதற்கு இட்டுக்கட்ட வேண்டியது எதுவுமில்லை. தேதிகளை வரிசைப்படுத்தினால் போதும்.

ஃபோர்ப்ஸிடம் திரும்புவோம். அவருடைய பத்தியில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, உள்நாட்டில் குறிப்பிடத்தக்க பஞ்சம் ஏதும் இல்லாத நேரத்தில் வாங்கியதாகச் சொல்கிறார். பஞ்ச காலத்தில் பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள் என்பது நம்மிடம் உள்ள பொது விளக்கம். அந்த விளக்கம் கொடுமையை வானத்தின்மேல் ஏற்றிவிடுகிறது. ஃபோர்ப்ஸின் ஒரு வாக்கியம் அந்த வசதியைப் பறித்துவிடுகிறது. பஞ்சமில்லாதபோதும் பிள்ளைகள் மலிவான சரக்காகவே கிடைத்தார்கள் என்றால், அது அன்றாட வாணிகம்.

இரண்டாவது இடம், அதைத் தொடர்ந்து வரும் தற்காப்பு. ஆங்கிலேய மனிதாபிமானம் தம்மைக் குறைசொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகள் பசியிலிருந்து மீண்டு அன்பான எசமானியிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்கிறார். இந்தத் தற்காப்பு 1770களில் தேவைப்பட்டிருக்காது. நூல் வெளிவந்தது 1813இல். பிரிட்டிஷ் பாராளுமன்றம் அட்லாண்டிக் அடிமை வணிகத்தைத் தடைசெய்த 1807க்கு ஆறாண்டு கழித்து. வாங்கிய கை ஒரு காலத்தது, எழுதிய கை வேறொரு காலத்தது. இடையில் நியாயம் மாறிவிட்டது என்று ஃபோர்ப்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் விலையை மறைக்கவில்லை, விளக்கத்தைச் சேர்த்தார். நினைவேடு என்ற வடிவத்தின் நேர்மையும் நழுவலும் ஒரே பத்தியில் தெரியும் இடம் இது. விவரத்தில் ஃபோர்ப்ஸ் நம்பத்தக்கவர்; தீர்ப்பில் நம்பத்தக்கவர் அல்லர். அவர் தந்த விவரத்தை எடுத்துக்கொண்டு தீர்ப்பைத் திருப்பிக் கொடுப்பதே வாசகன் செய்ய வேண்டியது. அந்தப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் கொடுக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒப்பீடு. அடிமை வணிகத்தோடு பிணைந்த கோட்டை என்றதும் நினைவுக்கு வருபவை மேற்கு ஆப்பிரிக்கக் கோட்டைகள்: கானாவில் 1482இல் போர்த்துகீசியர் கட்டிய எல்மினா, அதன் அருகே கேப் கோஸ்ட், செனகலில் கோரேத் தீவின் அடிமை வீடு. அட்லாண்டிக் கடந்து கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்பது இன்று ஆய்வாளர்கள் ஏற்கும் கணக்கு. அந்த அளவோடு அஞ்சுதெங்கை ஒப்பிட எந்தச் சான்றும் இடம் தரவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொள்ளாத எழுத்து எனக்கு உடன்பாடில்லை. கேப் கோஸ்டில் நிலவறைகள் இருக்கின்றன, கட்டடமே சாட்சி. அஞ்சுதெங்கில் நிலவறை இல்லை. சாட்சி ஏட்டில் இருக்கிறது. ஆகவே ஒன்றின் காட்சிமுறையை இன்னொன்றுக்குக் கடன்வாங்க முடியாது.

கோரே இதற்கு நல்ல எச்சரிக்கை. அங்கே பல ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்தவர் ஜோசப் என்டியாயே. கடலைப் பார்த்த ஒரு வாசலைக் காட்டி, கோடிக்கணக்கானோர் அதன் வழியே போனதாக அவர் சொல்லிவந்தார். உலகத் தலைவர்கள் வந்து அந்த வாசலில் நின்று கண்கலங்கினார்கள். 1990களில் பிலிப் கர்ட்டின் முதலிய வரலாற்றாசிரியர்கள் அந்த எண்ணிக்கையை மறுத்தார்கள். கோரேயின் பங்கு அதில் ஒரு சிறு துணுக்கு என்று காட்டினார்கள். உணர்ச்சி உண்மையாக இருந்தது, எண் பொய்யாகப் போயிற்று. எண் பொய்த்தபோது அடிமை வணிகத்தையே சிறுமைப்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. அஞ்சுதெங்கிலும் அந்த ஆபத்து தயாராக இருக்கிறது. கோட்டைக்குள் கடலை நோக்கிப் போவதாகச் சொல்லப்படும் அடைபட்ட சுரங்கவழி ஒன்றைக் காட்டுகிறார்கள். இதன் வழியாகத்தான் அடிமைகளைக் கொண்டுபோனார்கள் என்று நாளை ஒருவர் சொல்லிவிட்டால், அது கேட்பவர் மனத்தில் ஃபோர்ப்ஸின் இருபது ரூபாயைவிட ஆழமாகப் பதியும். சான்றில்லாத அந்தச் சுரங்கம் சான்றுள்ள கணக்கை விழுங்கிவிடும்.

கேப் கோஸ்டிலிருந்து நாம் வேறொன்றைக் கற்றுக்கொள்ளலாம். அந்தக் கோட்டையின் முற்றத்தில் லெட்டிஷியா லாண்டன் என்ற ஆங்கிலக் கவிஞரின் கல்லறை இருக்கிறது. ஆளுநரை மணந்து வந்து, 1838இல் மர்மமான முறையில் இறந்தவர். எலிசாவைப்போலவே இளமை, எழுத்து, சோகம் எல்லாம் கலந்த வாழ்க்கை. ஆனால் கேப் கோஸ்டுக்குப் போகிறவருக்கு அந்தக் கோட்டை லாண்டனின் கோட்டையாகச் சொல்லப்படுவதில்லை. கல்லறை அதன் இடத்தில் இருக்கிறது. கோட்டையின் மையக்கதை நிலவறையில் இருக்கிறது. எது நடு, எது ஓரம் என்ற தெரிவை அவர்கள் செய்திருக்கிறார்கள். அந்தத் தெரிவைத்தான் நாம் இன்னும் செய்யவில்லை.

இரண்டு கடல்களையும் இணைத்த சரக்குகளை மறந்துவிடலாகாது. மாலத்தீவுச் சோழி இலங்கை, வங்கம் வழியாக ஐரோப்பா போய், மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை வாங்கும் காசாக மாறியது. சோழமண்டலக் கரையில் நெய்து நீலம் தோய்த்த துணிக்குக் 'கினி' என்ற ஆப்பிரிக்கக் கரையின் பெயரே நிலைத்தது. நம் தறிகளும் அந்தக் கணக்கேட்டில் வருகின்றன. சோழமண்டலத்தின் சொந்தக் கணக்கோ இன்னும் கனமானது. பழவேற்காட்டு ஜெல்ட்ரியாக் கோட்டையும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர்களின் அடிமைச் சந்தைகளாக இருந்தன. 1659-61இல் பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடியபோது டச்சுக் கும்பினி இக்கரையில் 8,000 முதல் 10,000 பேர்வரை வாங்கியது என்று மார்க்கஸ் விங்க் கணக்கிடுகிறார். பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினமும் 17ஆம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடல் அடிமை வணிகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்கக் கேப் டவுனின் அடிமை விடுதி 1679இல் கட்டப்பட்டது. அந்நகரத்துப் பழைய பதிவேடுகளில் மலபார், சோழமண்டலம், கொச்சி என்று ஊர்ப்பெயரையே குடும்பப்பெயராகத் தாங்கியவர்கள் வருகிறார்கள். இன்று அருங்காட்சியகமான அந்த விடுதியில் அடிமைகளின் பெயர்களைப் பொறித்து ஒளியேற்றிய தூண் ஒன்று நிற்கிறது. ஏட்டுச் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு அது முன்மாதிரி.

இனி உள்நாடு. அடிமை வணிகத்தைப் பற்றிய நம் ஆய்வுகள் இரண்டு திசைகளில் பிரிந்து நிற்கின்றன. கே. சாரதாமணியின் புலையர் பற்றிய நூல் (1980) வயலைப் பார்த்து எழுதப்பட்டது. சாதியும் நிலமும் அதன் அச்சு. பி. சனல் மோகன் அடிமைத்தனத்தின் நினைவு எப்படி நவீனத்துக்குள் வந்தது என்று ஆராய்கிறார். பொய்கையில் அப்பச்சன் கட்டியெழுப்பிய இயக்கம் அவருக்கு மையம். விங்க், ரிச்சர்ட் ஆலன் முதலானோர் கடலைப் பார்க்கிறார்கள். கப்பல், துறைமுகம், எண்ணிக்கை. வயலின் ஆய்வுகளில் ஆழம் உண்டு, கடற்கரை மங்கல். கடலின் ஆய்வுகளில் வீச்சு உண்டு, ஆள் எந்த வரப்பிலிருந்து வந்தான் என்பது மங்கல். அடிமைக் கேரளத்தின் வரலாற்றை மலையாளப் பொதுவாசகரிடம் கொண்டுவந்ததில் வினில் பாலின் நூல் பெரும்பணி செய்தது. தமிழில் அ.கா. பெருமாள் பதிப்பித்த நாஞ்சில் நாட்டு முதலியார் ஓலைகள் எல்லைப்புறத்து அடிமை வழக்கத்துக்கு நேரடிச் சான்று. ஓலையில் ஆளை விற்றவர்களையும் கோட்டையில் ஆளை வாங்கியவர்களையும் ஒரே அட்டைக்குள் வைக்கும் நூல் இனி எழுதப்பட வேண்டும்.

வயலுக்கும் கடலுக்கும் இடையே அந்தப் பாலம் வலிந்து கட்டப்பட வேண்டியதல்ல. 1836 மக்கள்தொகைக் கணக்கில் திருவிதாங்கூரின் 12,80,668 பேரில் 1,64,864 பேர் அடிமைகள், எட்டில் ஒருவர். ராணி கௌரி லட்சுமிபாய் 1812இல் அடிமை விற்பனைக்குத் தடைபோட்டார். வயலோடு கட்டுண்டவர்களுக்கு அது பொருந்தவில்லை, கணக்கில் பெரும்பகுதி அவர்களே. ஏறக்குறைய அதே சமயத்தில் வட மலபாரில் தாமஸ் ஹார்வி பேபர் என்ற நீதிபதி, முர்டாக் பிரௌனின் அஞ்சரக்கண்டித் தோட்டத்தில் திருவிதாங்கூரிலிருந்து கடத்திவரப்பட்டவர்களைக் கண்டு மீட்டார். சுதந்திரமாகப் பிறந்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். ஃபோர்ப்ஸ் வாங்கிய பிள்ளைகளுக்கும் அஞ்சரக்கண்டிப் பிள்ளைகளுக்கும் இடையில் நாற்பது ஆண்டு. இடையே 1789இல் கார்ன்வாலிஸ் அடிமை ஏற்றுமதியைத் தடைசெய்திருந்தார். வழி மாறவில்லை. திருவிதாங்கூரில் முழு விடுதலைப் பிரகடனம் வந்தது 1855 ஜூனில். அதற்கு எட்டாண்டு முன்பே லண்டன் மிஷனும் சர்ச் மிஷனும் சேர்ந்து மன்னருக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தன.

எங்கள் ஊர்ப்பக்கத்து இரண்டு நினைவுச்சின்னங்களை வைத்து இதை அளந்து பார்க்கிறேன். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்ற பலாமரத்தின் அடிப்பகுதி காப்பாற்றப்படுகிறது. எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில் ஒளிந்தார் என்பது கதை. அரசன் ஒளிந்த மரத்துக்கு வேலியும் மதிப்பும் கிடைத்திருக்கின்றன. அந்தக் கதையை இங்கே குழந்தைகளும் சொல்வார்கள். நினைவைக் காக்கும் திறன் இந்த மண்ணுக்கு இல்லாமலில்லை என்பதற்கு அது சான்று.

இன்னொன்று முன்பு நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே இருந்த ஊரூட்டம்பலம். 1910ஐ ஒட்டி, வெங்ஙானூர்க்காரரான அய்யன்காளி பஞ்சமி என்ற புலையச் சிறுமியின் கையைப் பிடித்து அங்குள்ள பள்ளிக்குக் கூட்டிப்போனார். அவள் உட்கார்ந்த பள்ளி கொளுத்தப்பட்டது. பாதி எரிந்த பெஞ்சு ஒன்று அந்தப் பள்ளியில் இன்றும் காக்கப்படுகிறது. 2022இல் பள்ளிக்கே அய்யன்காளி, பஞ்சமி பெயர் சூட்டப்பட்டது. கருகிய ஒரு மரப்பலகை. அதன்முன் நிற்பவருக்கு விளக்கவுரை தேவைப்படாது. ஒரு குழந்தை, ஒரு பெயர், ஒரு பொருள், ஒரு செயல். நான்கும் சேர்ந்து நிற்கின்றன. விடுதலைப் பிரகடனத்துக்கு 55 ஆண்டு கழித்தும் ஒரு பெஞ்சில் உட்கார விடவில்லை என்ற வரலாறு அதில் முழுதாக இருக்கிறது. எவ்வளவு பெரிய கல் நிற்கிறது என்பதல்ல நினைவுச்சின்னத்தின் தரம்; சான்றும் பொருளும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதே என் அளவுகோல். அந்த அளவில் ஊரூட்டம்பலத்துப் பெஞ்சு அஞ்சுதெங்குக் கோட்டையைவிட மேலான படைப்பு என்று தயங்காமல் சொல்வேன்.

தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். கட்டடமாக அஞ்சுதெங்கு தேறுகிறது: உருவம் தெளிவு, பராமரிப்பு செம்மை, மிகைப்படுத்தல் இல்லை. வரலாற்றுக் கூற்றாக அது தோற்கிறது. சொல்லப்படும் மூன்று கதைகளில் பொய் இல்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலும் கோட்டை என்ன செய்தது என்பது விளங்குவதில்லை. கட்டுக்கோப்பில் விழுந்த இந்த ஓட்டை தற்செயலானதல்ல. வாங்கியவர்களைப் பற்றிப் பேசினால் விற்றவர்களைப் பற்றியும் பேசவேண்டிவரும். விற்றவர்களைப் பற்றிப் பேசினால் வரப்பிலும் ஓலையிலும் போய் நிற்கும். அயலானைக் குற்றம்சாட்டும் கதைக்கும் காதல் கதைக்கும் அந்தச் சங்கடம் இல்லை. எங்கள் எல்லைப்புறத்துக்கு இதில் விலக்கில்லை. முதலியார் ஓலைகள் எங்கள் பக்கத்து ஓலைகள்.

குறையை நீக்க அருங்காட்சியகம் தேவையில்லை. கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும், வெறும் புல்வெளியைப் பார்த்தபடி, மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கல்வெட்டுப் போதும். அதில் முதல் வரியாக ஃபோர்ப்ஸின் கணக்கு இருக்கட்டும்: வயது, விலை, அரிசி, கருவாடு, துணி, பம்பாய். அடுத்து 1836இன் இரண்டு எண்கள். பிறகு 1812, 1855. 1721க்கு அதன் இடம். எலிசாவுக்கு சாஞ்சோவின் பெயரோடும் பிரிஸ்டலோடும் அவருடைய இடம். கோரேயின் எண்ணிக்கை எதுவும் வேண்டாம். சுரங்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.